ஐந்து வார்த்தைகள்

ஊசி, கிணறு, ரயில், எலுமிச்சை, சாவி.
பத்து நிமிடம் கழித்துக் கேட்பேன்,
என்றார் டாக்டர் ஷெரின்.
போன முறை வேறு ஐந்து.
அவற்றை உருப்போட்டுக்கொண்டு வந்திருந்தேன்
குடியாத்தத்திலிருந்து வேலூர் வரை, பேருந்தில்,
உதடு அசையாமல்.

பெயர்?
தனக்கோட்டி.
தொழில்?
ரக்பி. முன்வரிசை. எட்டாம் எண்.
‘விளையாட்டு’ என்று எழுதிக்கொண்டார்.
சம்பளத்தில் வரி பிடிக்கிறவர்கள்
அதைத் தொழில் என்றுதான் சொல்கிறார்கள்.
நான் சொல்லவில்லை.

கடைசியாக ஆடிய மைதானம் எது?
விளக்குக் கம்பங்கள் ஞாபகம் இருக்கிறது. ஊர் இல்லை.
முதல் மைதானம் கேட்டிருக்கலாம்:
கவுண்டன்யா ஆறு.
மணல் லாரியின் சக்கரத்தடம்தான் எல்லைக்கோடு.
கபடிக்கு ஆள் சேராத ஒரு சனிக்கிழமை
கோழிமுட்டையை ஊதினமாதிரி
ஒரு பந்தோடு வந்தாள் கௌசர்.
இதை முன்னால் எறியக் கூடாதுடி.
பின்னே?
பின்னாலதான். ஆனா நீ முன்னால ஓடணும்.
மணலில் விழுந்தால் வலிக்காது என்று விழுந்தோம்.
மணலுக்கடியில் பாட்டில்.
முழங்கையில் அந்தத் தையல் இன்னும் இருக்கிறது,
பதினேழு தையல்களில் மூத்தது.

கௌசருக்கு நிக்காஹ் ஆயிற்று. எனக்கு ஒப்பந்தம்.
முதல் பருவத் தொகையை அம்மா
பீடியில் கணக்குப் போட்டாள்:
ஆறு லட்சம் பீடி.
தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்தாள், மறுபடி எடுத்தாள்.
அப்புறம் அதைப் பற்றிப் பேசவேயில்லை.

ஆறு முறை வீழ்த்தலாம் என்னை.
அதற்குள் எதையாவது செய்துவிட வேண்டும்,
இல்லையென்றால் பந்து அவர்களுக்கு.
விழுந்தபடியே மூச்சை வாங்கி, எழுந்து,
குதிகாலால் பின்னால் உருட்டி, மறுபடி.
என் பின்னால் மயூர்பஞ்ச் சலோனி நிற்பாள்.
அவளுக்குத் தமிழில் தெரிந்தது ஒரே சொல்: ‘குடு.’
ஏழு வருடம் அந்தச் சொல்லைக் கேட்டு
திரும்பிப் பார்க்காமல் கொடுத்திருக்கிறேன்.
ஒருமுறையும் தரையில் விட்டதில்லை அவள்.

மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லுங்கள்.
பின்னால் கொடுப்பதில் நான் கெட்டிக்காரி, டாக்டர்.
பங்குனி, மாசி, தை, மார்கழி,
(அவரும் விரல் விட்டு எண்ணுகிறார்)
கார்த்திகை, ஐப்பசி, புரட்டாசி,
ஆவணி, ஆடி, ஆனி,
வைகாசி.
அங்கே நின்றுவிட்டேன்.

வைகாசி முதல் நாள் எங்கள் ஊரில்
கெங்கையம்மன் சிரசு.
தலை மட்டும் ஊர்வலம் வரும்,
மாலைக்கு மேல் மாலை,
தெருவெல்லாம் தேங்காய்ச் சிதறல்.
உடம்பு கோயிலில் காத்திருக்கும்.
போய்ச் சேரும்வரை ஊரே பின்னால் நடக்கும்.
எனக்கு நாற்பது நொடி, என்று வீடியோவில் பார்த்தேன்.
என் உடம்பு எழுந்து நின்று
எதிரணி வரிசையில் போய் நிற்கிறது.
அவர்கள் சிரிக்கவில்லை. ஒருத்தி
என் தோளைப் பிடித்துத் திருப்பி விட்டாள்,
பள்ளி வாசலில் குழந்தையை விடுவதுபோல.

இன்னும் ஒரு அடி பட்டால், என்று தொடங்கி
ஷெரின் மேசையைப் பார்த்தார்.
வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள்,
புது ஒப்பந்தம், இரண்டு பருவம், என்றேன்.
நான் கேட்டது அதையல்ல, என்றார்.
நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, என்றேன்.

அப்போதுதான் கேட்டார், அந்த ஐந்தை.
ஊசி.
ரயில், எலுமிச்சை, சாவி.
வெளியே யாரோ டோக்கன் எண் கூவினார்கள்.
ஊசி, என்றேன் மறுபடி.
பரவாயில்லை, என்று எதையோ எழுதினார்.
அந்தப் பக்கத்தைக் கையால் மறைக்கவும் இல்லை,
நான் எட்டிப் பார்க்கவும் இல்லை.

பள்ளிகொண்டா தாண்டியதும் வந்தது.
‘கிணறு!’
பக்கத்தில் இருந்த பெண் திடுக்கிட்டு
மடியிலிருந்த பூக்கூடையைப் பிடித்துக்கொண்டு
ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்:
எங்கே?