மீன்தொட்டி வால்வு

தேமோஸ்ராற்றைக் கழற்றினேன். உள்ளே வெள்ளை.
கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளை,
நகம் பட்டால் பொருக்காய் உதிர்கிறது.
எனக்கு முதல் இதை வைத்திருந்தவர்
பதினொரு வருடம் றேடியேற்றருக்குக்
கிணற்றுத் தண்ணீர் வார்த்திருக்கிறார்.
கொக்குவில் கிணறு. நல்ல தண்ணீர்தான், குடிக்க.

குடிக்கவும் இல்லையாம்.
மாசியில் ஸ்கான் பார்த்த டொக்டர் சொன்னார்,
‘எல்லாம் எங்கட ஊர்ச் சுண்ணாம்பு. இடப்பக்கம். ஆறு மில்லிமீற்றர்.’
ஆக எனக்கும் இந்தத் தொண்ணூற்றொன்றாம் ஆண்டு
ஸ்டார்லெற் ரேர்போவுக்கும் ஒரே வருத்தம்.
எனக்கு நாளுக்கு மூன்று லீற்றர் போத்தல் தண்ணீர்.
அதற்கு நாலு போத்தல் வினாகிரி.
இரவு முழுக்க நுரைத்துவிட்டு
விடியக் கழுநீர் மாதிரி வந்து ஊற்றியது.
ஒழுங்கை நாய் முகர்ந்து பார்த்துத் தும்மியது.

‘வித்துப்போட்டு ஒரு வாகன்ஆர் எடுக்கலாமே’
என்கிறார்கள், மதிலுக்கு மேலால்.
பொனற்றில் புடைத்த மூக்கைக் காட்டி விளக்குகிறேன்:
வீணாய்ப் போகிற புகையை மறித்து
அதைக்கொண்டு ஒரு சின்ன விசிறியைச் சுழற்றி
அந்தச் சுழற்சியால் காற்றை அள்ளி அமுக்கித்
திரும்பவும் நெருப்புக்கே தின்னக் கொடுப்பது.
கஞ்சத்தனமும் ஊதாரித்தனமும்
ஒரே அச்சில்.
தலையாட்டுகிறார்கள். பெற்றோல் எவ்வளவு குடிக்கும்
என்று கேட்கிறார்கள். பொய் சொல்கிறேன்.

லேத் கடை யோகச்சந்திரன் அந்த அச்சை
இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தான்.
‘மயிரளவு ஆட்டம். கிடக்கும்.’
கை துடைத்துக்கொண்டு, ‘ஆறுதலா ஓடினா’ என்றான்.
இரண்டாவதை நான் கேட்கவில்லை.

அமுக்கம் குறைய, கூட என்று
யப்பான்காரனே ஒரு பொத்தான் வைத்திருந்தான்.
போதவில்லை எனக்கு.
திருநெல்வேலிச் சந்திக்குப் போய்
மீன்தொட்டிக் காற்றுக்குழாய்க்குப் போடுகிற
பிளாஸ்ரிக் வால்வு ஒன்று வாங்கினேன், நூற்றிருபது ரூபாய்.
என்ன மீன் அண்ணை, என்றான் பெடியன்.
பெரிய மீன், என்றேன்.

வேஸ்ற்கேற்றுக்குப் போகிற காற்றில்
கொஞ்சத்தைக் களவாய் வெளியே கசியவிட்டால்
அது ஏமாந்து மூடிக் கிடக்கும். அவ்வளவுதான் வித்தை.
குழாய் பூட்டுகிற இடத்துக்கு என் கை போகாது.
பிறேமிளாவின் கை போகும்.
வேலையால் வந்த சாறியோடு குனிந்து
கிளிப்பை இறுக்கினாள்.
சன்லைட் சவர்க்காரத் தண்ணீர் பூசி
சைக்கிள் பம்மால் அடித்துப் பார்த்தோம்.
ஒரு குமிழியும் இல்லை.

கல்லுண்டாய் வெளி. காலை ஆறு மணி.
அவள்தான் ஓட்டினாள்.
வங்கியில் அடகு நகை நிறுக்கிறவள்,
முள் அசைகிறது அவளுக்கு என்னைவிடத் தெரியும்.
மூன்றாம் கியரில் அந்தச் சீழ்க்கை எழுந்தது,
மெல்லிசாய், பின் எங்கள் இரண்டு பேரின் முதுகையும்
சீற்றோடு சேர்த்து அறைந்து.
நாரைகள் எழும்பின. நான் கத்தினேன், சந்தோசத்தில்.
எஞ்சின் ஒருமுறை விக்கியது.
‘கூடிப்போச்சு,’ என்று காலை எடுத்தாள்,
கவுண்டரில் சொல்கிற அதே குரலில்.

உப்பு வெளி ஓரம் நிறுத்தி, பொனற்றைத் தூக்கி,
வால்வை அரைச் சுற்றுத் திருப்பி வைத்தாள்.
என்னைக் கேட்கவில்லை.
கோபத்தில் நான் வாயைத் திறக்க முதல்
திரும்பி வருகிற வழியில் ஒரு கிடங்கு.
சுருள்வில்லை வெட்டிக் காரைக் கட்டையாக்கியது நான்தான்,
யாரைச் சொல்ல?
இடப்பக்கம் உள்ளே
ஏதோ இடம் மாறியது.

மானிப்பாய் வரைக்கும் அவள் ஓட்டிய ஓட்டத்தை
வலியில் சரியாய்ப் பார்க்கக் கிடைக்கவில்லை.

இப்போது அது வாசர்கள் போட்டுவைக்கிற
பால்மா ரின்னுக்குள் கிடக்கிறது, பழுப்பாய், கூர்க்கூராய்.
நிறுத்துத் தரவோ, என்கிறாள்.
வால்வு அவள் விட்ட இடத்திலேயே.
தொட இரண்டு தரம் போனேன்.
இன்றைக்கு ஞாயிறு. சுருள்வில் மாற்றவேணும்.