காந்தம் ஒட்டாத இடம்

நூலில் கட்டிய காந்தத்தை
வண்டி முழுக்க நடத்திக்கொண்டு போனேன்.
பானெட்டில் ஒட்டியது.
மட்கார்டில் ஒட்டியது.
பின்பக்கம் கீல் வைத்த முன்கதவுக்குக் கீழே
இடது கதவடிப் பட்டையில்
ஒரு சாண் நீளத்துக்குப் பிடி நழுவி
டக்கென்று தரையில் விழுந்தது.

சித்தூர் ரேணுகா வாரஸ்யாரின் ஃபியட்.
ஐம்பத்தெட்டாம் வருஷத்து வண்டி.
கொழிஞ்சாம்பாறைக்கு என்னைத் தேடி வந்தது
என் பேரைக் கேட்டு என்றார்கள்.

"எவனோ பட்டி அப்பி ஏமாத்திருக்கான்" என்றேன்.
காஜா பெயிண்ட் துப்பாக்கியின் மூக்கைத் துடைத்தபடி
"நாசமாப் போனவன்" என்றான்.

உளி வைத்துத் தட்ட
பட்டி பிஸ்கட்டாய்ப் பொரிந்தது.
உள்ளே தகரம் இல்லை.
தகரம் இருந்த இடத்தில்
சுருட்டித் திணித்த ஒரு தமிழ்ப் பேப்பர்.
பிரித்துப் பார்த்தேன்.
மாட்டுத்தீவன விளம்பரம்,
துருக்கறை,
பாதி நிரப்பிய குறுக்கெழுத்துக் கட்டம்.

ழகரத்தின் வாலை
இப்படி மேலே சுழித்து எழுதுகிறவன்
இந்த ஊரில் ஒருத்தன்தான்.
கையில் உளியோடு குந்தியிருக்கிறான்.

இருபத்திரண்டு வருஷம்.
அன்று வேறு சொந்தக்காரர், வேறு நிறம்.
சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றார்கள்,
சாயங்காலத்துக்குள் கொடுத்தேன்.
நன்றாகத்தான் பளபளத்தது.
அதுதான் கேடு.

பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.
காஜா பார்த்தான்.
கேட்கவில்லை.

பிறகு வெட்டினேன்,
நல்ல தகரம் மணியடிப்பது கேட்கும்வரை.
உக்கடத்தில் வாங்கிய பதினெட்டாம் கேஜ் தகட்டைத்
தண்டவாளத் துண்டின்மேல் வளைத்தேன்.
ஒரு விரல் பற்றவைப்பு, ஒரு டீ.
ஒரு விரல் பற்றவைப்பு, ஒரு டீ.
அவசரப்பட்டால் தகரம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

மூட்டில் ஈயம்.
அது கஞ்சிப் பதத்தில் நிற்பது கொஞ்ச நேரம்தான்.
சூடு கூடினால் தண்ணீராய் ஒழுகும்,
குறைந்தால் கல்.
தேன்மெழுகு தடவிய பலாக்கட்டையால்
அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் இழுத்து விட்டேன்.
பட்டறை முழுக்கக் கோயில் வாசனை.

அரத்தை வைத்துவிட்டுக் கண்ணை மூடி
உள்ளங்கையால் பார்த்தேன்.
கண் இரக்கப்பட்டு விட்டுவிடும்.
கை விடாது.

வெள்ளிக்கிழமை வாரஸ்யார் வந்தார்.
"அந்தப் பழைய வேலை யாரு செஞ்சது?"
"இங்க ஒருத்தன்."
"இப்போழும் உண்டோ?"
"இருக்கான்."
"நாலு வார்த்தை கேக்கணும் அவனை."
"கேளுங்க" என்றேன்.
கேட்டார், மலையாளத்தில், நாலுக்கு மேலேயே.
பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர்,
வார்த்தைகளில் பிசிறில்லை.
நான் அரத்தை நிறுத்தவில்லை.

பில்லில் இடது கதவடிப் பட்டைக்கு எதிரே
ஒரு கோடு மட்டும் போட்டேன்.
"விட்டுப்போச்சு" என்று காட்டினான் காஜா.
"விட்டுப்போகல" என்றேன்.

மார்கழி. கணவாய் வழியாகக்
கிழக்கிலிருந்து காற்று.
பனைகள் ராத்திரியெல்லாம் ஓலையைக்
கிழித்துக்கொண்டே இருந்தன.
மூன்று மணி வாக்கில் அரைமணி நேரம் ஓயும்.
அப்போதுதான் பெயிண்ட் அடிக்க முடியும்,
தூசி உட்காராமல்.

காத்திருந்த நேரத்தில்
காந்தத்தைத் துணியில் சுற்றிக்
கடைசியாக ஒருமுறை நடத்தினேன்.

ஈயத்திலும் காந்தம் ஒட்டாதே.
அப்போதுதான் உறைத்தது.
நாளைக்கு எவனாவது நூலைப் பிடித்துக்கொண்டு வந்தால்
இதற்கும் என்னைத்தான் திட்டுவான்.

தகட்டின் நடுவில் கெட்டியாகப் பிடித்தது.
மூட்டில், ஈயம் தடித்த வளைவில்,
காந்தம் கொஞ்சம் யோசித்தது.
பிறகு அரை மனதோடு தொங்கியது.

காஜா தரையில் தண்ணீர் தெளித்தான்.
சட்டைப்பையிலிருந்து பேப்பரை எடுத்து
"இடமிருந்து வலம் ஒன்பது, நாலெழுத்து" என்றேன்.
குறிப்பு இருந்த மூலையைத் துரு தின்றிருந்தது.
"கர்த்தாவே, இப்பவா" என்றான்.

வெளியே
ஒரு பனை நின்றது.
இன்னொன்றும் நிற்கட்டும் என்று
இருந்தோம்.