மூன்றாம் மாடி

என்னிடம் கேட்காமலே
முதியோர் இல்லத்தில் பெயர் பதிந்துவிட்டு வந்தாள் அம்மா.
"ஊர் என்ன சொல்லும்?" என்று கத்தினேன்.
ஊர் என்பது, ரோட்டர்டாமில் எங்கள் தெருவிலிருக்கும்
பதினோரு கேப் வெர்டே குடும்பங்கள்.
பெற்றவளை அயலாரிடம் விட்டவனைப் பற்றி
கல்யாண விருந்துகளில் எப்படிப் பேசுவார்கள் என்று தெரியும்.
நானும் பேசியிருக்கிறேன்.

ஜெசுவினா காலணியைக்கூடக் கழற்றவில்லை.
"இருபத்தாறு வருஷம் அங்கே
யார் யாருடைய தாய்களையோ குளிப்பாட்டினேன்.
அந்தச் சம்பளத்தில்தான் நீ படித்தாய்.
அவர்களுக்கு நான் அயலாளா?"

எழுந்துபோய்க் குழாயை மூடினேன்.
அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

மூன்றாம் மாடிதான் வேண்டுமாம்.
அங்கே இரவுப் பணிக்கு வரும் மொராக்கோக்காரி
கைகளை உரசிச் சூடாக்கிய பிறகே
உடம்பைத் தொடுவாளாம்.
இவள் பழக்கியது.

"நீ என்னைத் தூக்கக் கூடாது.
டிராம் ஓட்டி ஓட்டித் தேய்ந்த முதுகு.
மிச்சமிருப்பது எனக்கு வேண்டும்,
ஞாயிறுதோறும் கச்சுப்பா பானையைச் சுமந்து வர.
சோளம் வேகாமலிருந்தால் திருப்பி அனுப்புவேன்."

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் மட்டும் காலி:
அவசரத்துக்கு யாரை அழைப்பது.
பேனாவை என் பக்கம் தள்ளினாள்.

எழுதினேன்.
"இது ஒன்றா, ஏழா?" என்றாள்,
கண்ணாடியைத் தேடியபடி.