ஓடாத கிலோமீட்டர்

அரவேனு பேக்கரி வாசலில்
ஹாலன் என்னைப் பிடித்துக்கொண்டார்.
எழுபத்தாறு வயது. கம்பளித் தொப்பி.
கையில் பாதி கடித்த வர்க்கி.
"மூணாவது ஊசியும் போட்டேன்,
அப்பவும் வந்துருச்சே காய்ச்சல்!
நாலு நாள் எந்திரிக்கல.
ஏமாத்து வேலைதானே இது?"

நான் நூற்றியெட்டு ஓட்டுகிறவன்.
மருந்தின் பெயர் என் வாயில் நுழையாது.
வளைவு தெரியும்.
கோத்தகிரியில் ஏற்றி மேட்டுப்பாளையம் இறங்குகையில்
குஞ்சப்பனை தாண்டியதும்
பின்னால் ஆக்சிஜன் கொப்பளிக்கும் சத்தம்
சற்றுத் தணிந்ததுபோல இருக்கும்.
தேறிவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன்.
காது அடைக்குது அண்ணா, அவ்வளவுதான்
என்று தனலோசினி சிஸ்டர் சொன்னபின்
அந்த நிம்மதியும் போயிற்று.

அந்த மே மாதம்
ஒரே நாளில் மூன்று முறை இறங்கினேன்.
மூன்று முறையும் காலியாக ஏறினேன்.
ஒருவர் ஜன்னல் வழியே தன் காட்டைக் காட்டி
"கேரட் பிடுங்கணும், நாளாச்சு" என்றார்,
முகமூடிக்குள்ளிருந்து.
பிடுங்கியது வேறு யாரோ.

அடுத்த வருஷம் ஆடிச் சாரலில்
மறுபடி அதே இருமல்
லைன் வீடு, ஹட்டி என்று பார்க்காமல்.
டீசல் நிரப்பி, சிலிண்டர் மாற்றி,
பூட்ஸைக் கழற்றாமல் காத்திருந்தேன்.
போன் அடிக்கும். பிரசவம்.
போன் அடிக்கும். காட்டெருமை முட்டியது.
மூச்சுக்கென்று இறங்கியது இரண்டே தடவை.
ஒருவர், ஊசிக்காரியைக் கண்டால்
தேயிலைக்குள் ஒளிந்துகொள்பவர்.
மற்றவர் செபமாலை அக்கா.
வாரம் இருமுறை டயாலிசிஸ்,
மூன்று ஊசிக்கும் சீட்டு பத்திரமாக வைத்திருந்தார்.
அவரும் திரும்பவில்லை.
இதை நான் மறைக்கமாட்டேன்.

கிருமியே கொஞ்சம் சாதுவாகியிருக்கலாம்,
எல்லாப் புகழும் ஊசிக்கில்லை
என்றும் சிஸ்டர் சொன்னாள்.
இருக்கட்டும்.
ஆனாலும் என் லாக் புத்தகத்தில்
ஓடிய கிலோமீட்டருக்குத்தான் கட்டம் உண்டு.
ஓடாததை எங்கே எழுத?
ஹாலன், நீங்கள் அந்தக் கட்டம்.
நாலு நாள் கஞ்சி குடித்து,
ஐந்தாம் நாள் சண்டைக்கு வந்து நிற்கும்
எழுதப்படாத முப்பத்துமூன்று கிலோமீட்டர்.

இதையெல்லாம் பேக்கரி வாசலில் சொல்ல முடியுமா?
எதிரே மண் சரிந்த வளைவில்
தடுப்புச்சுவருக்குச் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார்கள்.
அதைக் காட்டினேன்.
"அந்தச் சுவர் மழையை நிறுத்துமா?"
"மழையை எப்படி நிறுத்தும்?
மேல இருக்கிற மண்ணு
வீட்டுக்குள்ள வராம நிறுத்தும்."
"ஒருதடவை கட்டினா போதுமா?"
"எங்க போதும்? ரெண்டு மழைக்கு விரிஞ்சுரும்,
மறுபடி பூசணும்..."
சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.
என்னை முறைத்தார்.
வர்க்கியின் மிச்சத்தை வாயில் போட்டு
வெகுநேரம் மென்றார்.

"அடுத்தது எப்பவாம்?"
"வியாழக்கிழமை. ஆரம்ப சுகாதார நிலையம்."
"உன் வண்டி அந்தப் பக்கம்தானே போகும்?
ஏறிக்கிறேன்."
"வேண்டாம்" என்றேன்,
கொஞ்சம் சத்தமாகவே.
"பஸ்ஸுல வாங்க."