எடைமேடை, சங்ககிரி மேற்கு

முதலில் பிக்கப்பை மட்டும் ஏற்றச் சொன்னேன்.
பிறகு, கொக்கியைக் கழற்றிவிட்டு, வீட்டை:
இரட்டை அச்சு, இருபத்திரண்டு அடி,
ஜன்னலில் பூப்போட்ட திரை.
கழற்றும்போதே அதன் மூக்கு மேலே எழும்பியது.
சிவப்பு எண் தடுமாறி
இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது கிலோவில் நின்றது.

"இழுக்குதுங்களே," என்றார் நாச்சிமுத்து.
"காங்கயத்துலருந்து இழுத்துட்டுத்தான வந்தேன்."

காங்கயம் மட்டமுங்க.
திம்பத்தில் இருபத்தேழு கொண்டை ஊசி.
ஏறுவதை எஞ்சின் பார்த்துக்கொள்ளும்.
இறங்கும்போது
பின்னால் வருவது என்ன கனம் என்று
பிரேக்குக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
வண்டிப் புத்தகம் இரண்டாயிரத்து ஐந்நூறோடு நிறுத்திவிட்டது.
அதுபோக, கிரைண்டரைக் கடைக்கோடியில் வைத்திருக்கிறீர்கள்.
வாலில் கல், கொக்கியில் காற்று.
அறுபதைத் தாண்டினால் வீடு ஆடும்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் மயிலாத்தாள்,
புளியமரத்தைப் பார்த்து.

"எந்த வண்டி தாங்குமுங்?"

ஆறு சக்கரத்தில் ஒரு பழைய லாரி போதும் என்றேன்.
அவர் சிரித்தார்.
"அதை வித்துத்தானுங்க இந்த வூடு."

கிரைண்டர் முன்பக்கம் போனது.
அடித்தொட்டிக் குழாயைத் திறந்தோம்.
இருநூறு லிட்டர் பவானித் தண்ணீர்
மேடை இரும்பில் வழிந்து மண்ணுக்குப் போக,
தவணைக் கடன்போல
இறங்கி இறங்கி எண் நின்றது:
இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது.

இன்னும் நூற்று நாற்பது கிலோ.
இருவரும் கதவு வழியே உள்ளே எட்டிப் பார்த்தார்கள்,
கட்டிலை, அலமாரியை,
அப்புறம் ஒருவரையொருவர்.

பின்னால் சிமென்ட் லாரிக்காரன் ஆரன் அடித்தான்.