செவ்வாய்க்கிழமை கேக்

ஃபலெயோலோ விமான நிலையத்தில்
ஆட்களை எடை பார்ப்பது என் வேலை.
பத்தொன்பது இருக்கை விமானம்;
யார் எவ்வளவு கனம் என்று
விமானிக்குத் தெரிந்தாக வேண்டும்.
கூச்சப்படுகிறவர்களுக்காக
முள்ளை என் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

பாகோ பாகோ எவ்வளவு தூரம்?
நூற்றைம்பது கிலோமீட்டர், அத்தனையும் கடல்.
எவ்வளவு நேரம்?
நாற்பது நிமிடம். காற்று எதிர்த்தால் நாற்பத்தைந்து.
எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்?
செவ்வாய் நாலு மணிக்கு ஏறினால்
திங்கள் நாலே முக்காலுக்குள் இறங்கிவிடலாம்.
கடிகாரத்தைத் தொட வேண்டாம்.
கிழித்த தேதித்தாளை மட்டும்
திரும்ப ஒட்டிக்கொள்ளுங்கள்.

சிலர் சிரிப்பார்கள்.
சிலர் பயணச்சீட்டை இன்னொரு முறை படிப்பார்கள்.

இன்று பௌவி மகளோடு வந்தான்.
ஃபிலெமுவுக்கு இன்றோடு ஆறு வயது.
பத்தொன்பது கிலோ, ஒரு பல் குறைய.
அவள் அம்மாவுக்கு அங்கே மீன் ஆலையில் வேலை:
டப்பா, மூடி, டப்பா, மூடி.
இரண்டு பிறந்தநாள் அதில் போய்விட்டது.

"இறங்கினா எனக்கு அஞ்சு வயசுதானாம்.
அப்ப இந்தப் பல்லு?"
வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டினாள்.
பல் விவகாரம் எனக்குத் தெரியாது, கண்ணு.
கனத்துக்கு மட்டும்தான் நான் பொறுப்பு.

நான் பிறந்தது டிசம்பர் முப்பது.
இந்த நாடு தேதிக்கோட்டைத் தாண்டிக் குதித்த வருஷம்
வியாழன் இரவு படுத்தோம், சனிக்கிழமை விழித்தோம்.
இருபத்தொன்பதுக்குப் பின் முப்பத்தொன்று.
எனக்கு நாற்பது ஆகியிருக்க வேண்டும்.
"போகட்டும், ஒரு வயசு மிச்சம்" என்றாள் மனைவி.
மிச்சம் பிடித்ததை எங்கே வைத்தோம் என்று
இருவருக்கும் இன்னும் தெரியவில்லை.

செதெஃபானோ காகிதத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.
மழைக்காக எண்ணெய் கூடுதல் நிரப்பியிருந்தான்.
பௌவி கிழங்கு மூட்டையை இறக்கினான்.
இன்னும் இரண்டு கிலோ.
செருப்பைக் கழற்றினான். பெல்ட்டைக் கழற்றினான்.
நாங்கள் மூவரும் கேக் பெட்டியைப் பார்க்காமல் இருந்தோம்.

ஃபிலெமுதான் அதை எடுத்து
என் மேசைமேல் வைத்தாள்.
"இது செவ்வாய்க்கிழமை கேக்.
அங்க இன்னும் திங்கள்தானே."

விமானம் கொசுவாகி மறைந்தது.
இந்நேரம் கம்பிவேலிக்கு அப்பால்
எலுமிச்சை தேய்த்தும் மீன்வாடை போகாத இரண்டு கைகள்
இன்னும் ஆறு ஆகாத ஒரு பெண்ணைத் தூக்கியிருக்கும்.
இன்று அங்கே நாளைக்குத்தான் வரும்,
யாரும் தொடாமல், முழுசாக.
வெள்ளியன்று திரும்பிச் சனியில் இறங்குவார்கள்.
அலுவலகத்தைப் பொறுத்தவரை கணக்கு நேராகிவிடும்.

விளக்கை அணைக்கும் முன்
பெட்டியைத் தராசில் வைத்தேன்.
இரண்டு கிலோ முந்நூறு.
தேங்காய்ப்பால் வாசனை. மேலே ரோஸ் நிறத்தில் ஓர் ஆறு.
அந்த எண்ணில் படாமல்
சாவிக்கொத்துக் கத்தியால் ஓரமாக ஒரு துண்டு வெட்டினேன்.
நின்றபடியே தின்றேன்.

இரண்டு கிலோ நூறு.