பதினெட்டுத் தவணை

மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள்:
சைக்கிள் வேண்டியவர்கள் அலுவலகத்துக்கு வரவும்.
ஏழாம் லைனில் பதினொரு பேர் எழும்பினோம்.
கஜரூபன் சேர் படிவங்களைச்
சீட்டுக்கட்டுப் போலப் பிரித்து வைத்தார்.

"சம்பளத்தில முதலே கழிப்பம்.
கழிச்ச பிறகுதான் வரி.
அப்ப வரி மிச்சம், விளங்குதே?"

எனக்கு வரி இல்லை சேர், என்றேன்.
என் சம்பளம் வரியின் வாசலை மிதித்ததில்லை.
ஓவர்டைம் முழுக்கச் செய்த சித்திரையிலும்
கேற்றடியில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தது.
அவர் சிரித்தார். மிச்சம் அவருக்கு.
கியர் வைத்தது, கொழும்பிலிருந்து வருகுதாம்.
எங்களுக்குக் கறுப்பு, பெண்கள் மொடல், முன்னுக்குக் கூடை.

படிவத்தில் மட்டும் எத்தனை வரி!

ஒலுமடுவிலிருந்து மாங்குளம், தூரம்:
ஒன்பது என்று எழுதினேன்.
மதகுக்கு மேலால் வெள்ளம் போனால் பதின்மூன்று.
யானை நின்றால், அது போகும்வரை.
அதை எழுத இடமில்லை.

இதற்கு முன் துவிச்சக்கரவண்டி வைத்திருந்தீரா?
ஆம்.
அதற்கு என்ன நடந்தது?
விற்றது. கொடுத்தது. பழுதானது.
பொருத்தமான பெட்டியில் சரியிடுக.

கரியலில் அரிசி, பாரில் தம்பி,
ஹாண்டிலில் சட்டிபானை மூட்டை.
ஏறி ஓடியதில்லை, உருட்டியதுதான்.
அந்தப் பங்குனியில்
மாத்தளன் மணலுக்குள் சில்லுப் புதைய
கையை எடுத்தேன்.

பேனையைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தால்
சுதாமதியும் கடித்துக்கொண்டிருந்தாள்.
இரண்டு பேரும் "பழுதானது" என்று சரியிட்டோம்.

கையெழுத்து வைத்த பிறகுதான் சின்ன எழுத்தை வாசித்தேன்.
பதினெட்டு மாதம் முடியும்வரை வண்டி கொம்பனியின் உடைமை.
வேலைக்கு வந்துபோகவே பிரதானமாகப் பாவிக்க வேண்டும்.

கொம்பனியின் சைக்கிளில் கிளினிக்குக்குப் போனேன்.
கொம்பனியின் கூடையில் அரைக்கிலோ சூடை.
கொம்பனியின் கரியலில் என் மகள்
காலை அகட்டிக்கொண்டு வாய்ப்பாடு சொல்லி வந்தாள்.
ஏழேழு நாற்பத்தொன்பதில் ஒரு பள்ளம்.
இன்றைக்கும் அந்த இடத்தில் அவளுக்குக் குரல் தூக்கிப் போடும்.

நாலாம் மாதச் சிட்டையைப் பார்த்து
முன்சில்லு எனது என்று கணக்குப் போட்டேன்.
ஆறாம் மாதம் செயின்.
சீற் எப்போது எனதானது, தெரியாது.
அதில் இருந்துகொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

ஒன்பதாம் மாதம்
மணிக்கு எண்பது கொலர் தொண்ணூற்றைந்தானது.
விட்டிட்டுப் போவமடி, என்றாள் சுதாமதி.
விட்டால் மிச்சத் தவணையை ஒரேயடியாய் வெட்டுவார்கள்,
கடைசிச் சம்பளம் வெறும் கடதாசி.
அன்று பின்னேரம் எதிர்க்காற்று.
வேலைக்குப் போகச் சைக்கிள்,
சைக்கிளுக்காக வேலை,
பெடல் இரண்டும் மாறி மாறிச் சொல்லின.
கேட்டுக்கொண்டே மிதித்தேன்.

பதினோராம் மாதம் பெல் செத்தது.
அன்ரன் கழற்றிப் பார்த்தார், உள்ளே கறள்.
"புதுசு போடும் பிள்ளை, இருநூற்றைம்பதுதான்."
போடவில்லை.
அடிக்காத பெல்லுக்கு ஏழு தவணை கட்டினேன்.

போன வெள்ளி கடிதம் வந்தது, இரண்டே வரி.
உரிமை மாற்றப்பட்டது.
எஞ்சிய பெறுமதி ரூபாய் ஒன்று, வேதனத்தில் கழிக்கப்பட்டது.
அந்த ஒரு ரூபாய்க்கு வந்த பாகம் எதுவென்று
வீடு வரும்வரை யோசித்தேன்.
வால்கட்டையின் மூடியாக இருக்கலாம்.
அது எப்போதோ விழுந்துவிட்டது.

ஞாயிறு சும்மா எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.
கொம்பனிச் சந்தியில் ஹாண்டில் தானாகச் சரிந்தது,
பின்னேரத்து மாடு பட்டிக்குத் திரும்புகிறமாதிரி.
இழுத்து நேரே விட்டேன்.

கனகராயன்குளப் பக்கம் ரோட்டு வெறுமை.
நடுவில் ஐந்தாறு எருமை.
விரல் பெல்லுக்குப் போய்த் திரும்பியது.
விலத்துங்கோ, என்றேன்.
இரண்டாந்தரம் கொஞ்சம் பலமாக:
விலத்துங்கோ, என்ர சைக்கிள்!

ஒன்று மட்டும் திரும்பிப் பார்த்தது.
காலை ஊன்றிக்கொண்டு நின்றேன்.
பிந்தினால் வெட்ட இன்றைக்கு ஆருமில்லை.